பழைய விசிடி, மினி டிவி, டிவிடி எல்லாவற்றையும் எச்.265-க்கு மாற்றிவிடலாமா?

கேள்வி, சுருக்கமாக: வீட்டில் 1997 திருமணம் 3 விசிடி தட்டுகளில் இருக்கிறது. அதன் மூலமான விஎச்எஸ் கேசட் பரணில் கிடக்கிறது. 2003 கிரகப்பிரவேசமும் காதுகுத்தும் 6 மினி டிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் வீடியோ டேப்) கேசட்டில், 2008 சஷ்டியப்தபூர்த்தி 4 டிவிடியில், 2013-இல் கையடக்க கேமராவில் எடுத்த 40 ஜிபி எம்டிஎஸ் கோப்புகள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில். "எல்லாவற்றையும் எச்.265-இல் 4கே ஆக்கி ஒரே பென் டிரைவில் தருகிறோம்" என்கிறார்கள் சென்னையில் ஒரு கடையில். வருகிற தை மாதம் மகள் கல்யாணம். அதற்கு வீடியோ எடுப்பவரோ "264-ஆ, 265-ஆ?" என்று கேட்கிறார். எதற்கு எது?

பதில்: பழையது எந்த வடிவத்தில் பிறந்ததோ அதே வடிவத்தில், ஒரு பிட் கூட மாறாமல் ஹார்ட் டிஸ்க்குக்கு வரட்டும். டிவியிலும் போனிலும் பார்க்க அதிலிருந்து எச்.264-இல் தனியாக ஒரு பிரதி எடுங்கள். எச்.265 இனிமேல் எடுக்கப்போகும் 4கே-வுக்குத்தான். அந்தக் கடைக்காரர் சொன்ன பென் டிரைவ் வேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பவை டிபன் கேரியர் மாதிரி. உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்பதை கேரியர் சொல்லாது. உள்ளே இருக்கும் காணொளியைச் சுருக்கிய முறைதான் கோடெக்: விசிடியில் எம்பெக்-1, டிவிடியில் எம்பெக்-2, மினி டிவியில் டிவி (DV, தொலைக்காட்சி அல்ல), எம்டிஎஸ் கோப்பில் எச்.264. எச்.265 அதற்கு அடுத்த தலைமுறை. கேரியரை மட்டும் மாற்றினால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். கோடெக்கை மாற்றினால் படத்தை அவிழ்த்து மறுபடி சுருக்க வேண்டும். அது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுப்பது. முதல் சுருக்கத்தில் வந்த கட்டம் கட்டமான கறைகளைப் புது கோடெக் படத்தின் பகுதி என்றே நினைத்து, அவற்றைக் காப்பாற்ற பிட்களைச் செலவழிக்கும். போதாத இடத்தில் புடவை ஜரிகையைத் தின்றுவிடும். கோடெக் எவ்வளவு நவீனமானாலும் இதில் மாற்றமில்லை.

இடம் மிச்சமாகுமே என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். விசிடி மூன்றும் சேர்ந்து 2 ஜிபி சொச்சம். மினி டிவி ஒரு மணி நேரத்துக்கு சுமார் 13 ஜிபி, ஆறுக்கு 78. டிவிடி ஒன்று அதிகபட்சம் 4.7 ஜிபி, நான்குக்கு 19-க்குள். எம்டிஎஸ் 40. மொத்தம் 140 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் ஏழில் ஒரு பங்கு. இதைச் சுருக்கி 100 ஜிபி மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்?

4கே ஆக்குவது இன்னும் வேடிக்கை. விசிடியின் படம் 352×288, ஒரு லட்சம் புள்ளிகளுக்குச் சற்று மேல். 4கே என்பது 83 லட்சம் புள்ளிகள். அதாவது 82 புள்ளிகளில் 81 கற்பனை. உங்கள் டிவியே பெரிதாக்கிக் காட்டத்தான் போகிறது. அந்தக் கற்பனையைக் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைக்கத் தேவையில்லை. கூடவே நிறச் சிக்கலும் வரும். எஸ்டி (பழைய, தெளிவு குறைந்த) காணொளி நிறங்களை 601 என்ற தரத்திலும், எச்டி 709 என்ற தரத்திலும் கணக்கிடுகின்றன. அளவை மட்டும் மாற்றி நிறக் கணக்கை மாற்றாமல் விட்டால் கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பும் வாழைமரப் பச்சையும் வேறு சாயலுக்குப் போய்விடும். எஸ்டியை எஸ்டியாகவே விட்டால் இந்த வம்பே இல்லை.

இனி ஒவ்வொன்றாக.

விசிடி: இதில் நேரத்தைச் செலவழிப்பதற்கு முன் பரணில் இருக்கும் விஎச்எஸ் கேசட்டை இறக்குங்கள். பால் (PAL, நம் நாட்டு டிவி தரம்) முறையில் கேசட்டில் நொடிக்கு 50 பாதிப்படங்கள் இருக்கும். விசிடி ஆக்கும்போது பாதியைத் தூக்கி எறிந்து 25 ஆக்கி, நொடிக்கு 1.15 மெகாபிட்டில் எம்பெக்-1 ஆகச் சுருக்கினார்கள். கேசட் ஓடும் நிலையில் இருந்தால் அதிலிருந்து 720×576, இன்டர்லேஸ் (அந்தப் பாதிப்படங்களின் பின்னல்) கலையாமல் புதிதாகப் பதிவது விசிடியைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஓடவிடுவதற்கு முன் கேசட்டின் ஜன்னல் வழியாகப் பாருங்கள். டேப்பின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரத்தில் இது சாதாரணம். அப்படியே பிளேயரில் போட்டால் பொடி ஹெட்டில் அப்பும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும், டேப்பும் அறுந்துபோகலாம். பூஞ்சை நீக்கித் தருபவரிடம் கொடுத்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

கேசட் போய்விட்டது, விசிடிதான் கதி என்றால், எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் டாட் கோப்புகள் இருக்கும். சாதாரணமாக காப்பி செய்தால் நடுவில் நின்றுவிடுவதற்குக் காரணம் உண்டு. தரவு சிடியில் ஒவ்வொரு செக்டாரிலும் பிழை திருத்தத்துக்கு ஒரு கூடுதல் அடுக்கு இருக்கும். விசிடியில் அந்த அடுக்கை எடுத்துவிட்டு அங்கேயும் படத்தை நிரப்பினார்கள். அதனால்தான் 74 நிமிடத் தட்டில் 74 நிமிடப் படம் கொள்கிறது, சின்னக் கீறலுக்கே திணறுகிறது. ஐஸோபஸ்டர் போன்ற மென்பொருள் படிக்க முடியாத செக்டாரைத் தாண்டிப் போய் எம்பெக் கோப்பாகவே எடுத்துத் தரும். ஒரு டிரைவில் படிக்காத தட்டு இன்னொன்றில் படிக்கும், இரண்டு மூன்றில் போட்டுப் பாருங்கள். துடைப்பதானால் நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி நேராக. வட்டமாகத் துடைத்தால் துணியில் ஒட்டிய தூசி தடத்தோடு நீளமாகக் கீறும்.

மினி டிவி: உங்களிடம் இருப்பதிலேயே அவசரம் இதுதான். டேப்பில் ஏற்கெனவே எண்களாகத்தான் இருக்கிறது, நொடிக்கு 25 மெகாபிட். ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் அந்த எண்கள் அப்படியே கணினிக்கு வரும், இழப்பு பூஜ்யம். மஞ்சள் சிவப்பு வெள்ளை கேபிளைப் போட்டு யுஎஸ்பி கேப்சர் கட்டையில் எடுத்தால் எண்ணை அனலாக் ஆக்கி மறுபடி எண் ஆக்குகிறோம். கடையில் கொடுப்பதாக இருந்தால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "ஃபயர்வயரில் எடுத்து, டிவி (DV) ஏவிஐ கோப்பாகவே தருவீர்களா?" எம்பி4 மட்டும்தான் தருவோம் என்றால் வேறு கடை பாருங்கள்.

நீங்களே எடுப்பதானால் ஓடும் நிலையில் ஒரு கேமரா, 4 முனை கேபிள், கணினியில் ஃபயர்வயர் அட்டை வேண்டும். கேமராவில் இருக்கும் யுஎஸ்பி துளை பெரும்பாலான மாடல்களில் புகைப்படத்துக்கு மட்டும்தான், அதை நம்ப வேண்டாம். டெஸ்க்டாப்புக்கான அட்டை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கலாம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், கேமராவோடு அடம் பிடிக்காது. விண்டோஸ் 10-இல் கேமரா தெரியவில்லை என்றால் ஃபயர்வயருக்கான (1394) பழைய 'லெகஸி' டிரைவரை நிறுவிப் பாருங்கள். எடுப்பதற்கு வின்டிவி என்ற சின்ன மென்பொருள் போதும். கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டிச் சுருட்டித் திரும்பக் கொண்டுவந்த பிறகு எடுக்க ஆரம்பியுங்கள், இழுவிசை சீராகும். படத்தில் சதுரம் சதுரமாக உடைந்தால் முதலில் ஹெட் கிளீனிங் கேசட்டைச் சில நொடிகள் ஓட்டுங்கள். பிறகும் உடைந்தால், எல்பி (ஒரே கேசட்டில் அதிக நேரம் பதியும்) முறையில் பதிந்ததா என்று பாருங்கள். அந்த முறையில் தடங்கள் இன்னும் நெருக்கமாக இருக்கும், பதிந்த அதே கேமராவில்தான் ஒழுங்காகப் படிக்கும். ஏசி அறையிலிருந்து கேமராவை வெளியே கொண்டுவந்ததும் கேசட்டைப் போடாதீர்கள். டிரம்மில் பனித்துளி படிந்து டேப் ஒட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

டிவிடி: வீடியோ டிஎஸ் ஃபோல்டரில் 1 ஜிபி துண்டுகளாக வாப் கோப்புகள் கிடக்கும். அவற்றைத் தனித்தனியே இழுத்துப் போடாமல், தட்டு முழுவதையும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள். பிறகு மேக்எம்கேவி மென்பொருளில் அதைத் திறந்தால் துண்டுகளை ஒட்டி, மறுபடி சுருக்காமல், ஒரே எம்கேவி ஆக்கித் தரும். ஐஎஸ்ஓவையும் வைத்துக்கொள்ளுங்கள், மெனு அதில்தான் இருக்கிறது. பிளேயரில் ஓடி, கணினியில் காலித் தட்டாகக் காட்டினால் பதிந்தவர் கடைசியில் 'ஃபைனலைஸ்' செய்யவில்லை என்று அர்த்தம். பதிந்த அதே கருவியில் போட்டு அதை முடிக்க வேண்டும்.

எம்டிஎஸ்: இது ஏற்கெனவே எச்.264. தொட வேண்டாம். ஒரே விஷயம், நீளமான காட்சியைக் கேமரா 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக வெட்டியிருக்கும். எடிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் இணைப்பில் நாதஸ்வரம் ஒரு கணம் விட்டு ஒலிக்கும். துண்டின் முடிவில் ஒலியின் கடைசிப் பொட்டலம் பாதியில் அறுந்து, மீதி அடுத்த கோப்பில் இருப்பதுதான் காரணம். கேமராவோடு வந்த மென்பொருள் இதைச் சரியாக ஒட்டும்.

மூலங்கள் பத்திரமான பிறகு பார்வைப் பிரதிக்கு வருவோம். இங்கேதான் அதிகம் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள், அதற்குக் காரணம் பெரும்பாலும் கோடெக் இல்லை, இன்டர்லேஸ். பழைய பால் காணொளியில் ஒரு படம் என்பது இரண்டு வெவ்வேறு கணங்களில் எடுத்த பாதிகளின் பின்னல்: ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் ஐம்பதில் ஒரு நொடி தள்ளி. குழல் டிவி இதை இயல்பாகக் காட்டும். இன்றைய திரையில் கை அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். அதை அப்படியே சுருக்கினாலும் கெடும், ஒரு பாதியை வீசி 25 ஆக்கினாலும் அசைவு வெட்டி வெட்டிப் போகும். இரண்டு பாதிகளையும் முழுப் படங்களாக்கி, நொடிக்கு 50 படம் வைப்பதே சரி.

ஹேண்ட்பிரேக்கில் செய்வது இப்படி. கோப்பைத் திறந்ததும் எம்பி4 தேர்ந்தெடுங்கள். ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்பதில் 'பிடபிள்யூடிஃப்', அதன் பிரீசெட் 'பாப்'. வீடியோ பகுதியில் கோடெக் எக்ஸ்264, ஃப்ரேம் ரேட் 50, கான்ஸ்டன்ட். தரம் ஆர்எஃப் 18 முதல் 20 (எண் குறையக் குறைய தரமும் அளவும் கூடும்). வேகம் 'ஸ்லோ', புரொஃபைல் 'ஹை'. அளவுப் பகுதியில் அனமார்ஃபிக் 'ஆட்டோ' இருக்கட்டும்: 720×576 என்ற சதுரமற்ற புள்ளிகளை அது 4:3 ஆகவோ 16:9 ஆகவோ சரியாகக் காட்டும். அதைக் கலைத்தால் மாப்பிள்ளை குண்டாகத் தெரிவார். ஒலி ஏஏசி 192 கிலோபிட். எம்பெக்-1, எம்பெக்-2 கோப்புகளில் வரும் எம்பி2 ஒலியை எம்பி4-க்குள் அப்படியே போட்டால் பல டிவிகள் ஊமையாகிவிடும், எனவே மாற்றத்தான் வேண்டும். விசிடி மட்டும் விதிவிலக்கு. அதில் இன்டர்லேஸ் கிடையாது, 25-லேயே விடுங்கள்.

முழுதாக ஓடவிடுவதற்கு முன் இரண்டு நிமிடம் மட்டும் மாற்றிப் பாருங்கள். அசைவு இரண்டு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று நடுங்கினால் பாதிகளின் வரிசை தலைகீழ். மினி டிவியில் கீழ்ப்பாதி முதலில் வரும், டிவிடியில் பெரும்பாலும் மேல்பாதி முதலில். மினி டிவி கேசட்டிலிருந்து டிவிடி செய்த அந்தக் கால எடிட்டர்கள் இதில் கோட்டை விட்டிருப்பார்கள். ஃபில்டரின் 'கஸ்டம்' பகுதியில் பாரிட்டியை மாற்றினால் சரியாகும். நாய்ஸ் ரிடக்ஷன் என்று ஒன்று ஆசை காட்டும். மிக மெல்லிய அளவுக்கு மேல் வைத்தால் பட்டின் ஜரிகை மறைந்து, முகங்கள் மெழுகு பொம்மை ஆகிவிடும்.

இதற்கு எச்.265 ஏன் வேண்டாம்? 2003-இல் வந்த எச்.264 படத்தை 16×16 கட்டங்களாகப் பிரிக்கிறது. 2013-இல் வந்த எச்.265 அதிகபட்சம் 64×64 கட்டங்களைக் கையாளும். அகன்ற வானம், மண்டபத்துச் சுவர் என்று 4கே படத்தில் பெரிய சமதளங்கள் உண்டு. அங்கே பாதி பிட்டில் அதே தரம் கிடைக்கும். 720×576-இல், அதுவும் பழைய கேமராவின் புள்ளி இரைச்சலோடு, அவ்வளவு பெரிய சமதளத்துக்கு எங்கே போவது? லாபம் சுருங்கிவிடும். தொல்லை மட்டும் முழுதாக இருக்கும்: மாமா வீட்டுப் பழைய டிவியில் ஓடாது, விண்டோஸின் சொந்த பிளேயர் தனியாகக் காசு கொடுத்து நீட்சி வாங்கச் சொல்லலாம். எச்.265-இன் காப்புரிமைகள் பல குழுக்களிடம் சிதறிக் கிடப்பதால் வந்த வினை அது. எச்.264 ஓடாத கருவியை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மகள் கல்யாணத்துக்குக் கணக்கு வேறு. மூலமே 4கே, எனவே எச்.265-க்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது. வீடியோ எடுப்பவரிடம் இரண்டு பதிப்பு கேளுங்கள். ஒன்று, 3840×2160, எச்.265, 10 பிட், சராசரி 50 மெகாபிட். மணிக்கு சுமார் 22 ஜிபி வரும். இன்னொன்று, உறவுக்காரர்களுக்கு 1920×1080, எச்.264, 8 பிட், 16 முதல் 20 மெகாபிட். மணிக்கு 7 முதல் 9 ஜிபி. இரண்டும் நொடிக்கு 25 அல்லது 50 படம், புரோகிரசிவ் (இன்டர்லேஸ் இல்லாமல்), நிறம் ரெக் 709. எச்.264-இல் 10 பிட் கேட்காதீர்கள், டிவிகளின் சில்லு பொதுவாக அதை அவிழ்க்காது. 10 பிட்டின் பயன் ஹோமப்புகையில் தெரியும்: 8 பிட்டில் புகையும் மங்கிய சுவரும் படிப்படியான பட்டைகளாகப் பிரியும்.

ஒரு முக்கியமான இடம் கெட்டிமேளம். அதுவரை ஒருவர் பின் ஒருவராக நலம் விசாரித்துக்கொண்டிருந்த காட்சியில் கோடெக்குக்கு வேலையே இல்லை. தாலி கட்டும் அந்த ஐந்தாறு நொடிகளில் நூற்றுக்கணக்கான அட்சதையும் பூவிதழும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் பறக்கும், ஃபிளாஷ் பளிச்சிட்டு முழுத்திரையும் வெளுத்து மீளும். முந்தைய படத்திலிருந்து அடுத்ததை ஊகிப்பதுதான் எல்லா கோடெக்குகளின் அடிப்படை. அந்த ஊகம் மொத்தமும் இங்கே பொய்த்துவிடும். எடிட்டர் நிலையான பிட்ரேட் (ஒவ்வொரு நொடிக்கும் ஒரே அளவு பிட்) வைத்திருந்தால், மூன்று மணி நேரப் படத்தில் மிக மோசமாக உடையும் இடம் தாலி கட்டும் இடமாகத்தான் இருக்கும். "டூ பாஸ், மாறும் பிட்ரேட், உச்சம் சராசரியைப் போல இரண்டு மடங்கு" என்று சொல்லிவிடுங்கள். சோதித்து வாங்கும்போது முகூர்த்தக் காட்சியை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள், மற்ற இடங்களைப் பார்க்கத் தேவையில்லை.

போனில் எடுக்கும் உறவினர்களின் காட்சிகளையும் சேர்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மண்டப விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். போன் வழக்கமாக வைத்திருக்கும் 30 படம் அதோடு ஒத்துப்போகாமல் சீரியல் விளக்குகள் மினுங்கும், பட்டைகள் ஓடும். அமைப்பில் 25 அல்லது 50 இருந்தால் அதை வைக்கச் சொல்லுங்கள். எச்டிஆர் வீடியோவை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் எடிட்டில் சாதாரணக் காட்சிகளோடு சேரும்போது வெளிறிப்போகும். கோப்புகளை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாகப் போனால் சுருங்கிவிடும்.

2018-இல் வந்த ஏவி1 பற்றியும் சிலர் சொல்வார்கள். நல்ல கோடெக், உரிமத் தொகை கேட்காத நோக்கத்தோடு செய்தது, எச்.265-ஐவிடக் கச்சிதம். ஆனால் அதை அவிழ்க்கும் சில்லு இன்டெலில் 11-ஆம் தலைமுறையிலிருந்தும், ஐபோனில் 15 புரோவிலிருந்தும்தான். யூடியூபில் ஏற்றினால் தேவையான இடத்தில் அவர்களே ஏவி1 ஆக்கிக்கொள்வார்கள். பென் டிரைவில் கொடுக்க இப்போதைக்கு வேண்டாம்.

பென் டிரைவ் என்றதும்: எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபாட் ஆக்குங்கள், ஆனால் மிகப் பழைய டிவி அதைப் படிக்காது. அப்படிப்பட்ட டிவிக்கு மட்டும் முழுக் கல்யாணத்தையும் நிச்சயதார்த்தம், முகூர்த்தம், நலங்கு என்று 4 ஜிபிக்குள் துண்டு போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மூலக் கோப்புகள் பென் டிரைவில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஃபிளாஷ் நினைவகம் மின்னூட்டத்தை இழக்கும், எஸ்எஸ்டிக்கும் இதே கதி. சுழலும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், வெவ்வேறு நிறுவனத்தினுடையதாக இருந்தால் நல்லது. காப்பி முடிந்ததும் இரண்டிலும் ஹேஷ் எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்; 7-ஜிப் மென்பொருளிலேயே அந்த வசதி உண்டு. ஒன்று உங்கள் வீட்டு பீரோவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. இன்னொன்று மதுரையிலோ கோவையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் ஆல்பமும் கேசட்டும் சேர்ந்தே நனைந்தன. வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது, இரண்டு டிஸ்க்கையும் இணைத்து ஹேஷை மறுபடி சரிபாருங்கள். மினி டிவி கேசட்டுகளை, எல்லாம் கோப்பாகிவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.